இரு செல் கூட்டங்களுக்கு நடுவே ஒரு சவ்வு: டிரான்ஸ்வெல் இன்செர்ட் மதிப்புரை

இரண்டு வகைச் செல்களை ஒரே தட்டில் கலந்து வளர்க்கும்போது ஒன்று பெருகி மற்றொன்று மறைந்துபோனால், தோற்றவை எவ்வழியில் தோற்றன என்பதே முதலில் எழும் கேள்வி. வென்ற செல்கள் வளர்ப்பு ஊடகத்தில் நச்சு எதையேனும் சுரந்திருக்கலாம். பொதுவாக இருந்த உணவை முந்திக்கொண்டு தீர்த்திருக்கலாம். பக்கத்தில் ஒட்டி நின்று, தொட்டோ நெருக்கியோ அழித்திருக்கவும் கூடும். இவற்றைப் பிரித்தறிய ஆய்வகங்கள் வழக்கமாக முதலில் கையில் எடுக்கும் பொருள், கார்னிங் நிறுவனம் டிரான்ஸ்வெல் என்ற பெயரில் விற்கும் துளைச் சவ்வு இன்செர்ட். இதே அமைப்பில் வேறு நிறுவனங்களின் தயாரிப்புகளும் கிடைக்கின்றன என்றாலும், கலப்பு வளர்ப்புப் போட்டியை ஆராயும் வேலைக்காக நான் தொடர்ந்து பயன்படுத்தி வருவது இதுதான் என்பதால், அந்த ஒரு பயனை மட்டும் மனத்தில் வைத்து இம்மதிப்புரையை எழுதுகிறேன். செல் இடப்பெயர்ச்சி, மருந்து ஊடுருவல் போன்ற சோதனைகளுக்கு இது எப்படி என்பது தனிக் கதை.

பொருள் எளிமையானது. அடிப்பாகத்தில் மெல்லிய சவ்வு ஒட்டப்பட்ட சிறு பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று தட்டின் குழிக்குள் விளிம்பைப் பற்றித் தொங்குகிறது. சவ்வுக்கும் குழியின் தரைக்கும் இடையே ஏறத்தாழ 1 மி.மீ. இடைவெளி இருக்கும். ஒரு கூட்டத்தைச் சவ்வின் மேலும் மற்றொன்றைக் குழியின் தரையிலும் வளர்த்தால், இரண்டும் ஒரே ஊடகத்தைப் பகிர்ந்துகொள்ளும். ஆனால் ஒன்றையொன்று தொட முடியாது. துளைகள் 0.4 மைக்ரோமீட்டர் முதல் 8 மைக்ரோமீட்டர் வரை பல அளவுகளில் வருகின்றன. போட்டிச் சோதனைக்கு 0.4 தவிர வேறெதையும் வாங்க வேண்டாம். 3 மைக்ரோமீட்டர் துளையிலேயே பல செல்கள் உடலை ஒடுக்கிக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும், அதன்பிறகு சோதனைக்குப் பொருளே இல்லை.

இந்தச் சவ்வு எவ்வளவு தெளிவான விடையைத் தர வல்லது என்பதற்கு நுண்ணுயிரிகளின் உலகில் இரண்டு எதிரெதிர் எடுத்துக்காட்டுகள் உண்டு. 1963-இல் பெவனும் மேக்கோவரும் விவரித்த கொலைகார ஈஸ்ட், ஒரு புரத நச்சை ஊடகத்துக்குள் விடுகிறது. தொட வேண்டிய தேவையின்றி அருகிலுள்ள நச்சுதாங்கா ஈஸ்ட் செல்கள் மடிகின்றன. 2005-இல் ஆக்கி, லோ ஆகியோரின் குழு எலியின் குடலிலிருந்து பெறப்பட்ட இ.சி.93 என்ற ஈ. கோலை பாக்டீரியா வகையில் கண்டதோ இதற்கு நேர்மாறு. கலந்து வளர்த்தபோது அது மற்ற ஈ. கோலை செல்களின் வளர்ச்சியை நிறுத்தியது. துளைச் சவ்வால் பிரித்து வைத்தபோது அந்தத் தடை மறைந்தது. பின்னர் பெருகி வளர்ந்த தொடுகைவழித் தடுப்பு என்ற ஆய்வுத்துறையின் தொடக்கத்தில் இப்படியொரு எளிய பிரிப்புச் சோதனை இருக்கிறது. தொடாமலே, ஊடகத்தின் வழியே கொல்ல முடிகிறதா என்ற கேள்விக்கு முன்னதில் ‘ஆம்’, பின்னதில் ‘இல்லை’ என்று சவ்வு நேராகவே விடை சொல்லிவிடுகிறது. (கொலைகார ஈஸ்டில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: அது சுரக்கும் கே1 என்ற நச்சு அமில ஊடகத்தில்தான் வேலை செய்யும். நடுநிலை ஊடகத்தில் இன்செர்ட்டைத் தொங்கவிட்டுப் பார்த்தால் அந்த ஈஸ்ட் யாருக்கும் தீங்கு செய்யாத சாதுவாகவே தெரியும்.)

விலங்குச் செல்களில் நிலைமை இவ்வளவு நேரானதன்று. இந்த இன்செர்ட் தரும் ‘ஆம்’ என்ற விடையைச் சில காப்புகளோடு நம்பலாம். ‘இல்லை’ என்ற விடையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்பதே இதைப் பற்றி நான் சொல்ல விரும்புவது. விற்பனைக் கையேடுகளும், ஏன், ஆய்வுக் கட்டுரைகளில் பலவும்கூட, இரண்டு விடைகளுக்கும் ஒரே எடையைத் தருகின்றன.

முதலில் ‘ஆம்’. மேலே வென்ற வகையை வைத்ததால் கீழே உள்ள தோற்ற வகை மடிகிறது என்றால், ஊடகத்தின் வழியே ஏதோ ஒன்று கடந்திருக்கிறது. அது போட்டிக்கென்றே சுரக்கப்பட்ட பொருளா, வெறும் பட்டினியா என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். வேகமாகப் பெருகும் செல்கள் குளுக்கோஸைக் குறைத்து லாக்டிக் அமிலத்தைக் கூட்டுவதால், ஊடகத்தின் நிறம் மஞ்சளாக மாறிய தட்டில் கிடைக்கும் மரணக் கணக்குக்கு மதிப்பு குறைவு. தோற்ற வகைச் செல்களையே அதே எண்ணிக்கையில் மேலேயும் வைத்த கட்டுப்பாட்டுக் குழி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் ஊடகம் நிரப்பிய இன்செர்ட் மட்டும் போதாது. இதைவிடக் கள்ளமானது மைக்கோபிளாஸ்மா. செல்சுவர் இல்லாத அந்தப் பாக்டீரியா 0.4 மைக்ரோமீட்டர் துளையை எளிதில் கடந்துவிடும். மேலே உள்ள வகையில் அது தொற்றியிருந்தால், கீழே இறங்கி, ஊடகத்திலுள்ள ஆர்ஜினினைத் தின்று, அங்குள்ள செல்களின் வளர்ச்சியை நிறுத்தும். அதைப் பார்க்கிறவர் புதியதொரு கொலைக் காரணியைக் கண்டுபிடித்துவிட்டதாக மகிழக்கூடும். இரண்டு செல் வகைகளுக்கும் மைக்கோபிளாஸ்மா சோதனை செய்து முடிக்கும்வரை இந்தத் தட்டின் உறையைப் பிரிப்பதே வீண் செலவு.

இக்காப்புகள் எல்லாம் இருந்தால் ‘ஆம்’ உறுதியானது. பழ ஈயின் எஸ்2 செல்களில், செல் வளர்ச்சியைத் தூண்டும் ‘மிக்’ என்ற புரதத்தின் அளவை மாற்றி, 2007-இல் செனூ-மட்சுடாவும் ஜான்ஸ்டனும் செய்த ஆய்வை இங்கே நினைவுகூரலாம். போட்டியில் ஈடுபட்டிருந்த கலப்பு வளர்ப்பிலிருந்து எடுத்த ஊடகம், மிக் புரதம் குறைந்த செல்களைத் தனியாகவே கொல்லும் திறன் பெற்றிருந்தது. சிறகு மொட்டுத் திசுவில் பக்கத்துச் செல்களுக்கு இடையே நடப்பதாகவே அறியப்பட்டிருந்த போட்டியில் கரையும் பொருள்களுக்கும் பங்குண்டு என்பதை அது காட்டியது. இந்த ஆய்விலிருந்து இன்செர்ட் வாங்குபவர் எடுத்துக்கொள்ள வேண்டிய நடைமுறைப் பாடம் ஒன்று இருக்கிறது. எதிரியைச் சந்தித்த பிறகே ஒரு செல் நச்சைச் சுரக்கத் தொடங்குமானால், வென்ற வகையைத் தனியாக மேலே வைத்துப் பார்ப்பதால் எதுவும் தெரியவராது. வென்றதும் தோற்றதும் கலந்த வளர்ப்பை மேல் கிண்ணத்தில் வைத்து, போட்டியையே அறியாத தோற்ற வகைச் செல்களைக் கீழே வைக்க வேண்டும். மேலே வென்றது, கீழே தோற்றது என்ற வழக்கமான அமைப்போடு இந்தக் கலப்பு அமைப்பையும் சேர்த்துச் செய்தால் இன்செர்ட்டின் பயன் இருமடங்காகும். செலவும் கூடும் என்பது உண்மைதான். ஆனாலும் இந்த அமைப்பைக் கைவிட்டுவிட்டுச் சோதனையைப் பாதியில் நிறுத்துபவர்களே அதிகம்.

இப்போது ‘இல்லை’. கீழே உள்ள செல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், “ஆகவே தொடுகை தேவை” என்று எழுதிவிடுவது வழக்கம். தூரக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்த ‘ஆகவே’ எவ்வளவு பலவீனமானது என்று விளங்கும். கலப்பு வளர்ப்பில் பக்கத்துச் செல்லின் மையம் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் தள்ளி இருக்கும். நடுத்தர அளவுள்ள ஒரு புரதம் நீரில் பரவி அத்தூரத்தைக் கடக்க 2 விநாடிகள் போதும். இன்செர்ட்டில் இடைவெளி 1 மி.மீ.; அதாவது 50 மடங்கு. பரவலுக்கான நேரம் தூரத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், அதே புரதத்துக்கு இங்கே ஏறத்தாழ 80 நிமிடங்கள் ஆகும். சில நிமிடங்களில் சிதையும் ஒரு பொருளோ, செல்லின் மேற்பரப்பிலுள்ள சர்க்கரைச் சங்கிலிகளில் ஒட்டிக்கொள்ளும் ஒரு புரதமோ, கொழுப்பு ஒட்டிய வின்ட் என்ற புரதம் போன்ற நீரில் எளிதில் கரையாத சமிக்ஞையோ இந்தத் தூரத்தைக் கடந்து கொல்லும் அளவில் வந்து சேராது. தொடுகையே இல்லாமல் அண்டை வீட்டை மட்டும் எட்டும் பொருள் ஒன்று வேலை செய்தாலும், இந்தத் தட்டு ‘இல்லை’ என்றுதான் சொல்லும்.

சவ்வின் தேர்வும் இதே கணக்கில் நுழைகிறது. வாங்குபவர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 0.4 மைக்ரோமீட்டர் துளையுள்ள டிரான்ஸ்வெல் முக்கியமாகப் பாலிகார்பனேட், பாலியெஸ்டர் ஆகிய இரு சவ்வுகளில் கிடைக்கிறது. இரண்டுக்கும் தடிப்பு 10 மைக்ரோமீட்டர். பாலிகார்பனேட்டில் ஒரு சதுர செ.மீ.க்கு 10 கோடி துளைகள். பாலியெஸ்டரில் 40 லட்சம் மட்டுமே. துளைகளின் மொத்தப் பரப்பைக் கணக்கிட்டால் பாலிகார்பனேட் சவ்வில் ஏறத்தாழ 12.6 சதவீதம் திறந்திருக்கிறது, பாலியெஸ்டரில் 0.5 சதவீதம். பரவலுக்கு அச்சவ்வுகள் தரும் தடையை நீர்த் தொலைவாக மாற்றினால், பாலிகார்பனேட் 0.08 மி.மீ. நீருக்குச் சமம், பாலியெஸ்டரோ 2 மி.மீ. நீருக்குச் சமம். அதாவது பாலியெஸ்டரைத் தேர்ந்தெடுப்பவர், தம் செல் கூட்டங்களுக்கு இடையிலான தொலைவை ஓசையின்றி மூன்று மடங்காக்கிக்கொள்கிறார். அப்படியும் பலர் பாலியெஸ்டரை வாங்குவதற்குக் காரணம் அது கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது. பாலிகார்பனேட் மங்கலாக இருப்பதால் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கியில் மேலுள்ள செல்கள் தெரிவதே அரிது. சவ்வின் மேலிருப்பவற்றைப் பார்க்கத்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாவிட்டால், போட்டிச் சோதனைக்கு மங்கலான பாலிகார்பனேட்டே சரியான தேர்வு. அழகுக்காகப் பாலியெஸ்டரை வாங்கி ‘இல்லை’ என்ற விடையைப் பெற்றவர்கள், முடிவை எழுதும் முன் ஒருமுறையேனும் பாலிகார்பனேட்டில் செய்து பார்ப்பது நல்லது.

உறுப்புகளின் பரப்பை அடுக்காக மூடும் எபிதீலியச் செல்களை வளர்ப்பவர்களுக்கு மற்றொரு பொறியும் இருக்கிறது. 1958-இல் மாடினும் டார்பியும் ஒரு நாயின் சிறுநீரகத்திலிருந்து உருவாக்கிய எம்.டி.சி.கே. செல்கள் பாலூட்டிச் செல்களின் போட்டி ஆய்வில் பெரிதும் புழங்குகின்றன. இவை சவ்வின் மேல் இடைவெளியின்றி நிறைந்துவிட்டால் செல்களுக்கிடையே இறுகிய இணைப்புகள் உருவாகி, அந்த ஒற்றை அடுக்கே ஒரு சுவராகிவிடுகிறது. மருந்து ஊடுருவலைச் சோதிப்பவர்கள் விரும்பி வாங்குவது இந்தப் பண்புக்காகத்தான். நமக்கோ அதுவே இடையூறு. செல்லின் மேல்முகம் சுரக்கும் எதுவும் மேல் கிண்ணத்திலேயே தங்கிவிடும். அடிமுகம் சுரப்பது மட்டும் கீழே இறங்கும். இரண்டு அறைகளும் ஒரே ஊடகத்தைப் பகிர்கின்றன என்ற அடிப்படை எண்ணமே அப்போது உடைந்துபோகிறது. ஆகவே எம்.டி.சி.கே. போன்ற செல்களை நிறையும் முன்பே, அடர்த்தி குறைவாக இருக்கும் நிலையிலேயே சோதித்து முடிக்க வேண்டும். இல்லையெனில் வென்ற வகையைக் கீழேயும் தோற்றதை மேலேயும் மாற்றி வைத்து, இரு திசையிலும் ஒரே விடை வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்செர்ட்டின் ‘இல்லை’ உண்மையாகவே சரியாக இருக்கும் இடங்களும் உண்டு. அங்கேயும் அது கதையின் ஒரு சிறு பகுதியைத்தான் சொல்லும். ஸ்கிரிபிள் என்ற புரதம் குறைக்கப்பட்ட எம்.டி.சி.கே. செல்கள் தனியாக வளர்க்கும்போது நலமாக இருக்கின்றன. இயல்பான செல்களோடு கலந்தால் மடிகின்றன. இதில் இயல்பான செல்கள் அவற்றைச் சூழ்ந்து நெருக்கி ஒடுக்குவதும், அந்த நெருக்கத்தால் தோற்ற செல்களில் பி53 புரதம் உயர்ந்து மரணத்தைத் தூண்டுவதும் 2016-இல் வெளியான ஆய்வில் விளக்கப்பட்டன. ஸ்கிரிபிள் குறைந்த செல்களைத் தனியாகவே மிக அடர்த்தியாக அடைத்து வைத்தாலும் அவை மடிகின்றன என்பதுதான் அங்கே தீர்க்கமான சான்று. அந்த விடையை எந்தச் சவ்வும் தந்திருக்க முடியாது. இயந்திர நெருக்கமே ஆயுதமாக இருக்கும் போட்டியில் சவ்வு ‘இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆர்.ஏ.எஸ். மரபணு மாற்றமடைந்த ஒற்றைச் செல்லை, சுற்றி நிற்கும் இயல்பான செல்கள் அடுக்கிலிருந்து மேல்நோக்கி வெளியே தள்ளிவிடும் நிகழ்வும் இத்தகையதே. சுற்றி நிற்பது என்ற நிலையை இரண்டு மாடிகளில் உருவாக்க முடியாது.

அளவைத் தேர்ந்தெடுப்பதிலும் எச்சரிக்கை தேவை. 24 குழித் தட்டுக்கான 6.5 மி.மீ. இன்செர்ட்டின் வளர்ப்புப் பரப்பு 0.33 சதுர செ.மீ.; கீழேயுள்ள குழியின் தரையோ 1.9 சதுர செ.மீ. ஒரே அடர்த்தியில் விதைத்தால் கீழே ஏறத்தாழ ஆறு மடங்கு செல்கள் இருக்கும். ஒரே எண்ணிக்கையில் விதைத்தால் மேலே ஆறு மடங்கு நெரிசல் இருக்கும். போட்டியின் முடிவு பெரும்பாலும் கலப்பு விகிதத்தையும் அடர்த்தியையும் பொறுத்தே அமைவதால், ஒன்றுக்கு ஒன்று கலந்த தட்டில் கண்டதை இந்த அமைப்போடு ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடாகாது. 6 குழித் தட்டுக்கான 24 மி.மீ. இன்செர்ட்டில் பரப்பு 4.67 சதுர செ.மீ., குழி 9.5 சதுர செ.மீ. என்பதால் வேறுபாடு இரண்டு மடங்கு மட்டுமே. ஆனால் மேலே 1.5 மி.லி., கீழே 2.6 மி.லி. என்று 4 மி.லி.க்கு மேல் ஊடகம் வேண்டியிருக்கிறது. சாதாரணக் கலப்பு வளர்ப்புக்கு அக்குழியில் 2 மி.லி. போதும். சுரந்த பொருள் இங்கே பாதியாக நீர்த்துவிடுகிறது என்பதைக் கணக்கில் கொண்டு, கலப்பு வளர்ப்புக் கட்டுப்பாட்டையும் 4 மி.லி. ஊடகத்தில் வைப்பதே முறை. இவ்வளவு குறைகளோடும் போட்டிச் சோதனைக்கு நான் பரிந்துரைப்பது 24 மி.மீ. அளவைத்தான்.

கையாள்வதில் குறை சொல்ல அதிகம் இல்லை. காமாக் கதிரால் கிருமிநீக்கம் செய்யப்பட்டு வருகிறது. இன்செர்ட்டின் பக்கவாட்டில் திறப்புகள் இருப்பதால் பிப்பெட் முனையை விட்டுக் கீழறையின் ஊடகத்தை மாற்றலாம். கீழே ஊடகத்தை ஊற்றிய பின் இன்செர்ட்டைச் சற்றுச் சாய்த்து இறக்க வேண்டும், இல்லையெனில் சவ்வின் அடியில் காற்றுக்குமிழி சிக்கி, அந்தப் பரப்பில் பரவல் முழுதாக நின்றுவிடும். அந்தக் குமிழியும் பொய்யான ‘இல்லை’ ஒன்றை உருவாக்க வல்லது. ஒட்டிய செல்களைப் பிரிக்கும் டிரிப்சின் நொதியை இட்டு, மேலுள்ள செல்களை எடுத்து எண்ணுவது எளிது. நேரடிப் படப்பிடிப்பு மட்டும் கடினம்: தலைகீழ் நுண்ணோக்கியில் உயர் உருப்பெருக்க லென்சுகளின் குவியம் தரையிலிருந்து 1 மி.மீ. உயரத்திலுள்ள சவ்வை எட்டாது.

மாற்றாக இபிடி (ibidi) நிறுவனத்தின் இரட்டை அறைச் சிலிக்கோன் இன்செர்ட்டைச் சொல்லலாம். இரண்டு வகைகளையும் 70 மைக்ரோலிட்டர் வீதம் தனித்தனி அறைகளில் வளர்த்துவிட்டு, சிலிக்கோனை உரித்தெடுத்தால் நடுவே 500 மைக்ரோமீட்டர் வெற்றிடம் கிடைக்கிறது. இரு கூட்டங்களும் முன்னேறி வந்து எதிரெதிரே மோதும் எல்லையை நுண்ணோக்கியில் நேராகவே பார்க்கலாம். மோதும் முன்பே தோற்ற வகை மடியத் தொடங்குகிறதா, மோதிய வரிசையில் மட்டும் மடிகிறதா, எல்லையிலிருந்து சில செல் தூரம் உள்ளேயும் மரணம் பரவுகிறதா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஒரே தட்டில் விடை கிடைக்கும். டிரான்ஸ்வெல்லின் ‘இல்லை’ விட்டுச்செல்லும் இடைவெளியை நிரப்புவது இதுவே. ஆனால் தொடுகையையும் சுரப்பையும் இது பிரித்து வைக்காது என்பதால் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது, துணையாகும்.

டிரான்ஸ்வெல் விலை மலிவான பொருளன்று. ஒருமுறை பயன்படுத்தியபின் எறிந்துவிட வேண்டியது. நிதி குறைந்த ஆய்வகத்தார் முதலில் கலப்பு வளர்ப்பிலிருந்து எடுத்த ஊடகத்தைப் புதிய ஊடகத்தோடு பாதிக்குப் பாதி கலந்து, தோற்ற வகைச் செல்களின் மேல் ஊற்றிப் பார்க்கலாம். அதற்குச் செலவு ஏறக்குறைய இல்லை. செல்கள் மடிந்தால், சுரக்கப்படும் பொருள் ஒன்று இருப்பதை உறுதிசெய்யவும் அதன் திசையை அறியவும் 24 மி.மீ. பாலிகார்பனேட் பெட்டி ஒன்றை வாங்குங்கள். மடியாவிட்டால் அந்தப் பணத்தை எல்லை மோதலைப் படம்பிடிப்பதற்கு ஒதுக்குவதே மேல்.